செயற்கைக்கோள் படத்தில் என் பங்கு

1

முதலில் நான் என்னென்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். கோபம் பின்னால் வருகிறது.

பூனாவை ஒட்டிய ஆகுர்டியில் இரண்டு தொழிற்சாலைச் சுவர்களுக்கு நடுவே, யாரும் வேண்டாமென்று விட்டிருந்த பள்ளத்தை மண் கொட்டி மேடாக்கிப் பட்டறை போட்டவன் நான். முதலாளி நடுவழியில் கைவிட்டுப் போன, போர் போடுகிற ஒரு ஓட்டை ரிக் வண்டியைப் பிரித்து மாட்டி ஓடவைத்து, அதை மூன்று வண்டிகளாகப் பெருக்கியவன் நான். பக்கத்து நிக்டியில் மாடிவீடு கட்டினேன். அங்கே நம் ஆட்கள் எழுப்பிய முருகன் கோயிலுக்குக் காசு வாங்காமல் போர் போட்டுக் கொடுத்தேன். இன்றைக்கும் அபிஷேகத் தண்ணீர் அதுதான். நம் பக்கத்துப் பையன்கள் எத்தனையோ பேரை வரவழைத்துத் தொழில் பழக்கினேன். அவர்களில் பாதிப் பேர் இப்போது எனக்கே போட்டியாக வண்டி ஓட்டுகிறார்கள். இதெல்லாம் நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், மராட்டியில் ஒரு சொல் தெரியாமல் வந்து இறங்கியவன் செய்தது. எல்லாவற்றுக்கும் மேலே, ஒற்றை மகளை எம்.எஸ்ஸி. படிக்கவைத்து, வானத்திலிருந்து பூமியைப் படம் பிடித்து ஆராய்கிற ஆபீசில் உத்தியோகத்தில் உட்காரவைத்தேன்.

அந்த ஆபீசிலிருந்துதான் எனக்கு அவமானம் வந்தது.

திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ரிக் வண்டியோடு வடக்கே போகாத குடும்பம் குறைவு. அதனால் நம் ஊர் ஆண்டு மலரில் இதை எழுதினால் உங்களுக்குப் புரியும் என்று எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

2

பூனாவுக்குக் கிழக்கே, சோலாப்பூர் சாலையில் போகப் போக மழை குறைந்துகொண்டே வரும். மலைப்பக்கம் கொட்டித் தீர்க்கிற மேகம் அங்கே எட்டிப் பார்ப்பதோடு சரி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வறட்சி வந்தது. அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து நாமதேவ் என்ற விவசாயி என் பட்டறைக்கு வந்தார். என்னைவிடச் சில வயது இளையவர். வெள்ளைக் குல்லாய், கையில் ஒரு காய்ந்த சோளத்தட்டை. சாட்சிக்குக் கொண்டுவந்தாராம்.

"அண்ணா, எங்க ஊர்ல மூணு இடத்துல போர் போட்டாச்சு. எல்லாம் புகைதான் வந்தது" என்றார் மராட்டியில். அந்த ஊர்ப்பக்கம் மதராஸ்காரன் எவனாயிருந்தாலும் அண்ணாதான். 

"எவ்வளவு ஆழம் போனாங்க?" என்றேன்.

"செவப்பு மண்ணு வர்ற வரைக்கும்."

அதுதான் அங்கத்திய வழக்கம். அந்த நாட்டுப் பாறை நம் ஊர்ப் பாறை மாதிரி ஒரே கட்டியாக இருக்காது. கறுப்புப் பாறை, அதன் கீழே சிவப்பு மண் அடுக்கு, மறுபடியும் கறுப்புப் பாறை என்று தோசை அடுக்கியது போல இருக்கும். சிவப்பு மண் புகைந்து வெளியே வந்தால் உள்ளூர் ரிக்காரன் வண்டியை அணைத்துவிடுவான். அந்த மண் சரிந்து விழுந்து பைப்பைக் கவ்விக்கொள்ளும் என்ற பயம். பயம் நியாயம்தான். எனக்கும் ஒரு பைப் உள்ளேயே போயிருக்கிறது. ஆனால் நம் ஊரில் கல்லை நம்பித்தானே பிழைத்தோம். இரும்பு கேசிங் பைப்பை அந்தச் சிவப்பு அடுக்குக்குக் கீழே வரை இறக்கி, மண்ணைப் பக்கவாட்டில் தடுத்து நிறுத்திவிட்டு, அதற்கும் கீழே போனேன். 

நாமதேவின் நிலத்தில் தேங்காயைக் கையில் வைத்து நடந்து நீரோட்டம் பார்க்கிறவர் ஒருவர் இடம் காட்டியிருந்தார். நான் தேங்காயை உடைத்துச் சூடம் காட்டிவிட்டு, அவர் காட்டிய இடத்துக்குப் பக்கத்தில், எனக்குச் சரியென்று பட்ட இடத்தில் வண்டியை நிறுத்தினேன். கூட்டம் முணுமுணுத்தது. "மதராஸி டீசல் கணக்கு ஏத்த ஆழம் காட்டறான்" என்று ஒருவர் சொன்னது எனக்குக் கேட்டது. மராட்டி சரளமாகப் பேச வராதே தவிர, வசவு புரிகிற அளவுக்கு அப்போதே தெரியும்.

தண்ணீர் வந்தது. வந்தது என்றால், கம்ப்ரசர் காற்றோடு சேறாகப் பீறிட்டு, வேப்பமரத்துக்கு மேலே போய் விழுந்தது. நாமதேவ் சட்டையோடு அதில் போய் நின்றார். "பாணி லாகல, பாணி லாகல" என்று அந்த ஊரே கத்தியது. தண்ணீர் பட்டுவிட்டது என்று அர்த்தம். டீசல் என்று சொன்ன மனுஷன்தான் முதலில் வந்து என் கையைப் பிடித்தார், அவர் நிலத்துக்கு நாள் குறிக்க.

அதன் பிறகு அந்தத் தாலுகாவில் என் வண்டிகள் நிற்காத கிராமம் இல்லை. வெறும் கம்பு சோளம் விளைந்த மேட்டு நிலத்தில் கரும்பு நின்றது, மாதுளை நின்றது, திராட்சைப் பந்தல் நின்றது. நாமதேவ் மாதுளை போட்டார். என் மகளுக்கு அவர் காக்கா, மராட்டியில் சித்தப்பா. வருடா வருடம் முதல் பறிப்பில் ஒரு கூடை நிக்டிக்கு வரும். என் மனைவி சரசு அதை உரித்துத் தெருவுக்கே கொடுப்பாள்.

3

மகள் பெயர் தேன்மொழி. ஆபீசில் தேனு மேடம். அவள் பெயருக்குப் பின்னால் செங்கோடே என்று ஒன்று ஒட்டியிருக்கும். நான் ரேஷன் கார்டுக்குப் போனபோது குமாஸ்தா குடும்பப் பெயர் என்ன என்று கேட்டான். பொன்னுசாமி, அப்பா பெயர் ராமசாமி, அவ்வளவுதான் என்றேன். அவ்வளவுதான் என்றால் கார்டு கிடையாது என்றான். ஊர் என்ன என்றான். திருச்செங்கோடு என்றேன். அதில் முன்பாதியை அவனே வெட்டிவிட்டு, மீதியை மராட்டிக்காரன் பெயர் மாதிரி எழுதிக்கொண்டான். அதைத் திருத்தச் சொல்லி எத்தனை முறை நடந்தேன் தெரியுமா? கடைசியில் நானே பழகிப்போனேன். இன்றைக்கு என் மகள் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலிருந்து சம்பளச் சீட்டு வரை செங்கோடேதான்.

தமிழ் பேசுவாள். படிக்க வராது. பேசுவதும் எப்படி என்றால், பாதி வழியில் இந்தி ஏறிக்கொள்ளும், இறங்கும்போது மராட்டியாக இருக்கும். இந்தக் கட்டுரையைக்கூட நான்தான் அவளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும்.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆபீசிலிருந்து ஒரு பெரிய வண்ணப்படத்தைச் சுருட்டிக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தாள். ஓரம் சுருண்டுகொண்டது. சரசு பருப்பு டப்பாவையும் ஊறுகாய் ஜாடியையும் எடுத்து வைத்து அமுக்கினாள்.

கோடைக்காலத்தில் எடுத்த படம். நிலமெல்லாம் சாம்பலும் பச்சை கலந்த நீலமுமாய்க் கிடந்தது. அதன் நடுவே அம்மை போட்டது மாதிரி சிவப்புச் சிவப்பாகத் திட்டுகள். ஆற்று வளைவையும் ரயில் பாதையையும் வைத்து எந்த இடம் என்று பார்த்துவிட்டேன்.

"எந்தப் பாவி தீ வெச்சான்? நாமதேவ் தோட்டம் பூரா எரிஞ்சு கெடக்குதே" என்றேன்.

தேன்மொழி சிரித்த சிரிப்பில் ஊறுகாய் ஜாடி ஆடியது. "அப்பா, அது வைஸா, அப்படி இல்லப்பா. சிவப்புதான் பச்சை. செடி ஒரு மாதிரி வெளிச்சம் திருப்பி அனுப்பும், நம்ம கண்ணுக்குத் தெரியாது, சாட்டிலைட்டுக்குத் தெரியும். அதை நாங்க சிவப்பு கலர்ல காட்டறோம். எவ்வளவு சிவப்போ அவ்வளவு நல்லா இருக்கு பயிர்."

"நல்லா இருந்தா பச்சையாவே காட்டறதுக்கென்ன? உங்க சாகேபுக்குப் பச்சை டப்பா கிடைக்கலையா?"

"ஏனுங்க, பொண்ணு சொல்றதக் கேளுங்க. உங்களுக்குத் தெரியாத பாறை ஏதோ இதுல இருக்குது" என்றாள் சரசு. அவளுக்கு என்னைக் குத்துவதென்றால் ஏகாதசி விரதத்திலும் தெம்பு வரும்.

பிறகு தேன்மொழி இன்னொரு படத்தை விரித்தாள். அது நாமதேவ் என்னைத் தேடி வந்த வறட்சிக் காலத்தில் எடுத்தது. அதில் ஆற்றோரத்தைத் தவிரச் சிவப்பே இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று நான் போவதற்கு முன். ஒன்று நான் போன பின். நான் சொல்வது பெருமைக்கு அல்ல, படம் சொல்கிறது. எங்கெங்கே என் வண்டி நின்றதோ அங்கெல்லாம் சிவப்பு. மனிதனாகப் பிறந்தவன் தன் உழைப்பை வானத்திலிருந்து பார்க்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அன்றைக்கு நான் இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிட்டேன்.

"அப்பா, இதெல்லாம் போர்வெல் தண்ணீன்னு எங்களுக்கும் அந்தாஜ் இருக்கு. கால்வாய் இல்ல, ஏரி இல்ல, வேற எப்படி? ஆனா கிராமம் கிராமமா உறுதி வேணும். நீங்க சொன்னா உதவியா இருக்கும்" என்றாள். 

சொன்னேன். அந்த மேசையில் உட்கார்ந்து, விரலை வைத்து, ஒவ்வொரு திட்டாகச் சொன்னேன். அவள் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தாள்.

4

சில வருடம் கழித்து அடுத்த வறட்சி வந்தது. முதலாவதைவிட நீளமானது. மழை ஒரு வருடம் ஏமாற்றி, மறுவருடமும் ஏமாற்றியது. தேன்மொழியின் ஆபீஸ் ஒவ்வொரு பருவத்திலும் படம் வாங்கி, எந்த நிலத்தில் விதைத்தார்கள், எந்த நிலம் தரிசானது என்று பார்த்துக்கொண்டிருந்தது. படத்தில் கண்டது நிலத்திலும் அப்படித்தானா என்று ஜீப்பில் போய்ப் பார்க்க வேண்டும். அவளையும் இன்னும் இரண்டு பேரையும் அனுப்பினார்கள். நானும் வருகிறேன் என்றேன்.

அதற்கு அனுமதி வாங்க ஆபீஸ் வாசலில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். காவலாளி சீட்டு எழுதினான். பெயர் எழுதினான், முகவரி எழுதினான். என்ன காரியமாக என்று கேட்டான். "அந்தத் தாலுகாவில் போர் போட்டவன்" என்றேன். அப்படி ஒரு காரியம் அவனிடம் இல்லை. மேலே கேட்டுவிட்டு வந்து, காரியம் என்ற இடத்தில் "ஃபாதர்" என்று எழுதினான். நான் பார்த்த வேலைக்கு அந்த ஆபீஸ் கொடுத்த பட்டம் அதுதான். சர்க்கார் ஜீப்பில் வெளியாள் ஏறக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். என் சொந்த ஜீப்பை எடுத்துக்கொண்டு, சோலாப்பூர் சாலையில் ஹடப்சர் நெரிசலில் அவர்கள் வண்டியைத் தவறவிடாமல் பின்னாலேயே போனேன்.

நாமதேவின் தோட்டத்தில் மாதுளை மரங்கள் நின்றன. நின்றன, அவ்வளவுதான். இலை இல்லை. ஒரு ஓரத்தில் வேரோடு வெட்டி விறகாக அடுக்கியிருந்தார்கள். என்னுடைய முதல் போர் வறண்டுபோய், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று போட்டு, அதுவும் வறண்டு, மூன்றாவதில் மோட்டார் சிறிது நேரம் ஓடினால் காற்று வாங்கியது. மூன்றையும் போட்டது நான்தான். சுற்றிலும் இருந்த நிலங்களிலும் போட்டது நான், என்னிடம் தொழில் பழகியவர்கள், அவர்களைப் பார்த்து வந்தவர்கள். எல்லாரும் ஒரே தண்ணீரைத்தான் உறிஞ்சினோம்.

நாமதேவ் டீ கொடுத்தார். டேங்கர் லாரித் தண்ணீரில் போட்ட டீ. 

"அண்ணா, இன்னும் கீழே போனா இருக்குமா?" என்றார்.

"இல்லை" என்றேன். 

"அன்னிக்குச் செவப்பு மண்ணுக்குக் கீழே போகலாம்னு நீங்கதான சொன்னீங்க."

"அதுக்குக் கீழே இருந்தது. வந்தது. குடிச்சாச்சு."

"ஆமா" என்றார். பிறகு, "கூடை அனுப்ப முடியல இந்தத் தடவை. வைனிகிட்ட சொல்லிடுங்க" என்றார். வைனி என்றால் அண்ணி.

தேன்மொழி மரத்துக்கு மரம் நடந்து குறித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பேச்சு முழுவதும் அவள் காதில் விழுந்தது.

5

போன மாதம், அந்தப் படங்களை வைத்துத் தேன்மொழி எழுதிய அறிக்கையின் வெளியீடு. பூனாவில் ஒரு மண்டபத்தில் விழா. நான் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு போனேன். தேன்மொழிக்குச் சால்வை போர்த்தித் தேங்காய் கொடுத்தார்கள். பெரிய சாகேப் மைக்கில் பேசினார். வறட்சித் தாலுகாவில் இவ்வளவு பசுமை வந்ததற்குக் காரணம் அரசாங்கம் கட்டிய தடுப்பணைகள் என்றார். அதை உலகுக்குக் காட்டியது செயற்கைக்கோள் என்றார். கைதட்டினார்கள். அந்தத் தடுப்பணைகளில் பாதியை நான் பார்த்திருக்கிறேன். எருமை உரசினால் பெயர்ந்து வருகிற சிமெண்டு. தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். அதுவா அந்தச் சிவப்பைக் கொண்டுவந்தது?

புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இங்கிலீஷ். எதிர்வீட்டு வங்கி அதிகாரி நம் ஈரோட்டுக்காரர். அவரை உட்காரவைத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கச் சொன்னேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வாய் காபி குடித்துக்கொண்டு படித்தார். அணை வந்தது. மழை வந்தது. கார் கதவைத் திறந்து அந்த மண்ணில் கால் வைக்காத சாகேபுகளுக்கெல்லாம் நன்றி வந்தது. ஜீப் ஓட்டியவருக்குக்கூட நன்றி இருந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை, அவர் நல்லவர்.

"போர்வெல்?" என்றேன்.

அவர் முன்னும் பின்னும் புரட்டினார். "உங்க சங்கதி இதுல ஒண்ணுமில்லீங்களே. பச்சை வந்ததுக்கு அணை. காய்ஞ்சதுக்கு மழை இல்லாதது. போரைப் பத்தி ஒரு வரிகூட இல்லீங்க."

என் பெயர் வேண்டாம். என் தொழிலே இல்லை. அந்தத் தாலுகாவில் மழை பெய்தது, அணை நின்றது, வானத்தில் ஏதோ சுற்றியது. பூமியில் ஒருவனும் துளை போடவில்லை.

6

மாலையில் தேன்மொழி செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டேன்.

"என்ற மேசையில உக்காந்து, என்ற விரலப் புடிச்சு வட்டம் போட்ட இல்ல, அம்மிணி? அந்த வட்டமெல்லாம் எங்கே?"

"அப்பா, உள்ள வாங்க, சொல்றேன்."

"இங்கயே சொல்லு. உன்ற சாகேப் வெட்டினானா?"

"இல்லப்பா." கைப்பையைக் கீழே வைத்தாள். "நான்தான் எடுத்தேன்."

சரசு சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள்.

"முதல்ல எழுதினேன்ப்பா. இந்தப் பசுமை போர்வெல்னால வந்ததுன்னு. படத்துல அது சாஃப், தெளிவா தெரியுது. ஆனா அடுத்த பாகம் எழுதறப்ப, அதே இடம்தான் முதல்ல காய்ஞ்சது. பச்சை உங்களுதுன்னு எழுதினா, காய்ஞ்சதும் உங்களுதுன்னு எழுதணும். அன்னிக்கு நாமதேவ் காக்கா உங்ககிட்ட கேட்டப்ப உங்க முகம் பார்த்தேன். என்னால எழுத முடியல. ரெண்டுலயும் எடுத்துட்டேன். சாகேபுக்கு அணை போதும், அவர் ஒண்ணும் கேக்கல."

சரசு, "பாத்தீங்களா, அப்பன் மேல இருக்கற பாசம்" என்றாள்.

பாசமாம். ஊர் கேட்கக் கேள்வி கேட்கிறேன், சொல்லுங்கள். ஒருவனைக் காப்பாற்றுகிறேன் என்று அவனுடைய முப்பது வருடத்தைத் துடைப்பது பாசமா? சிவப்பு மண்ணுக்குக் கீழே போகலாம் என்று அந்தத் தாலுகாவுக்குக் காட்டியவன் நான். அதனால் மாதுளை வந்தது. அதனால்தான் தண்ணீரும் தீர்ந்தது. முதலில் சொன்னதை ஊர் மறந்து இரண்டாவதை மட்டும் சொன்னால் சண்டைக்கு வருவேன். இரண்டையும் மறைத்துவிட்டு, எருமை உரசிய அணைக்கு மாலை போட்டால் அதற்கும் வருவேன். நாளைக்கு இன்னொரு தாலுகாக்காரன் இந்தப் புத்தகத்தைப் படித்து, அணை கட்டினால் போதும், போரைப் பற்றிக் கவலையில்லை என்று நினைத்து அத்தனை ஆழம் போவானே, அவனுக்கு யார் சொல்வது? என் மகள் தன் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை. அதற்கும் காரணம் நான்தான் என்றால் அது எனக்கு இன்னும் பெரிய அவமானம்.

"திருப்பி எழுது" என்றேன்.

"அப்பா, அச்சாயிடுச்சு."

"ரேஷன் கார்டைத் திருத்த நடந்தவன் நான். எனக்கு நடக்கத் தெரியும்."

"உங்களைத் திட்டுவாங்கப்பா."

"என்னைத் திட்டறவன் முதல்ல நாமதேவ் அனுப்பின மாதுளை எப்படி இருந்துச்சுன்னு கேட்டுட்டுத் திட்டட்டும்."

மறுநாள் காலை தேன்மொழி ஆபீசுக்குக் கிளம்பும்போது, பீரோ மேல் சுருட்டி வைத்திருந்த அந்தப் பழைய படத்தை, பென்சில் வட்டம் போட்டதை, கையில் எடுத்துக்கொண்டு போனாள்.

அதனால் அந்த ஆபீசுக்கும், சாகேபுக்கும், என் மகளுக்கும், இதைப் படிக்கிற உங்களுக்கும் சொல்கிறேன். அடுத்த அச்சில் இந்த வரி வர வேண்டும். அந்தத் தாலுகாவில் வறண்ட நிலம் பச்சையானதற்கும், பச்சையான நிலம் மறுபடி வறண்டதற்கும், சிவப்பு மண்ணுக்குக் கீழே போட்ட போர்கள் காரணம். அவற்றை முதலில் போட்டவன் திருச்செங்கோட்டுப் பொன்னுசாமி. ஊர்ப் பெயரை வெட்டாமல் எழுத வேண்டும். பச்சைப் பக்கத்தில் ஒரு தடவை, காய்ந்த பக்கத்தில் ஒரு தடவை. ஒன்றில் மட்டும் போட்டால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.